வழக்குப் போட்டவர்களே வாங்கிப் போட்ட பாட்டு

பொம்மை செய்து விற்கும் ஒரு பெரிய கம்பெனி, ஒரு பாட்டின் பேரில் வழக்குத் தொடுத்தது. கீழ்க் கோர்ட்டில் தோற்றது. மேல் கோர்ட்டில் தோற்றது. சுப்ரீம் கோர்ட்டோ அப்பீலைக் கையிலெடுக்கவே மறுத்துவிட்டது. கம்பெனிக்கும் பாட்டுக்கும் இருந்த உறவு அத்தோடு தீர்ந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆறு வருஷம் கழித்து அதே கம்பெனி, அதே பாட்டை முறைப்படி அனுமதி பெற்று, தன் பொம்மையை விற்கும் விளம்பரத்துக்குப் போட்டுக்கொண்டது!

அந்தப் பாட்டு "பார்பி கேர்ள்". பாடியவர்கள் டென்மார்க் நாட்டு "ஆக்வா" குழுவினர். வழக்குத் தொடுத்தது, பார்பி பொம்மையைச் செய்யும் அமெரிக்கக் கம்பெனியான மட்டேல். 1997-ம் ஆண்டு டென்மார்க்கில் வெளியான இந்தப் பாட்டு கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. அன்று அதை முணுமுணுத்துக்கொண்டு ஓடிய சிறுமிகள் இன்று தாய்மார்கள். அவர்களுடைய பெண்களும் அதே பாட்டுக்கு ஆடுகிறார்கள். யூடியூபில் மட்டும் நூறு கோடி தடவைக்கு மேல் அது பார்க்கப்பட்டிருக்கிறது.

இத்தனைக்கும் இது விமரிசகர்கள் மெச்சிய பாட்டல்ல. சங்கீதம் தெரிந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மிட்டாய்க் கடை இசை என்றார்கள். ஒரு கோடைகாலம் தாண்டாது என்றார்கள். பிரிட்டனில் அது நான்கு வாரம் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. அமெரிக்காவில் ஏழாம் இடம் வரை ஏறியது. அப்போதும், "விற்பதெல்லாம் நல்லதாகிவிடுமா?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். விற்றதனால் ஒரு பாட்டு நல்ல பாட்டாகிவிடாது. ஆனால் விற்று முடிந்து, கடையிலிருந்து எடுத்துப் போட்டு, கேஸட்டும் இசைத்தட்டும் காலாவதியான பிறகும் ஒரு பாட்டு ஜனங்களின் வாயில் இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை விமரிசகர்கள் தேடவில்லை. பொம்மைக் கம்பெனியும் வழக்கறிஞர்களும் தங்களை அறியாமலே தேடிக் கொடுத்தார்கள்.

முதலில் இந்த இசை வகையைப் பற்றி ஒரு வார்த்தை. 1990-களில் ஐரோப்பாவில் "யூரோடான்ஸ்" என்ற பெயரில் ஒரு நடன இசை பரவியது. ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, ஸ்வீடன், டென்மார்க் என்று பல நாட்டுக்காரர்கள் அதில் இறங்கினார்கள். தாளத்தை மெஷின் போடும். பல்லவியை ஒரு பெண் பாடுவாள்; நடுவில் ஓர் ஆண் குரல் வேகமாகப் பேசும். பாடுகிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழியல்ல. கேட்கிறவர்களிலும் பலருக்கு அப்படித்தான். ஆகவே வார்த்தைகள் எளிமையாக இருந்தாக வேண்டும். ஒரு தடவை கேட்டால் வாயில் ஒட்ட வேண்டும். அர்த்தம் பாதி புரிந்தாலும் ஆடத் தெரிய வேண்டும். சொந்த ஊரை விட்டு வந்து, பாஷை அரைகுறையாகத் தெரிந்த ஊரில் கடைக்காரரோடும் வீட்டுக்காரரோடும் பத்துச் சொல்லில் காரியம் முடிக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். பத்துச் சொல் போதும். ஆனால் அந்தப் பத்தும் சரியான சொல்லாக இருக்க வேண்டும்.

ஆக்வா குழுவில் நான்கு பேர். ஸோரன் ராஸ்டட், கிளாஸ் நோரீன் இருவரும் இசையமைப்பைப் பார்த்துக்கொண்டார்கள். ரெனே டிஃப் இசைத்தட்டுகளைச் சுழற்றிக் கூட்டத்தை ஆடவைக்கும் வேலை பார்த்தவர். பாடகி லேனே நிஸ்ட்ரோம் நார்வே நாட்டுப் பெண். நார்வேக்கும் டென்மார்க்குக்கும் இடையே ஓடும் பயணிகள் கப்பலில் பாடிப் பிழைத்துக்கொண்டிருந்தவர். முதலில் "ஜாய்ஸ்பீட்" என்ற பெயரில் ஒரு பாட்டை வெளியிட்டார்கள். அது போன இடம் தெரியவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி வந்தார்கள். பகட்டான மலிவுப் பண்டங்களின் பொருட்காட்சி ஒன்றில் பார்பி பொம்மைகள் வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்துத்தான் இந்தப் பாட்டின் யோசனை பிறந்தது என்று சொல்வார்கள்.

பாட்டின் அமைப்பு மிகச் சின்னது. பொம்மையான பார்பி பேசுகிறாள்; அவளுடைய ஜோடியான கென் பதில் சொல்கிறான். மேடை நாடகத்தில் வரும் இரட்டையர் உரையாடல் மாதிரி. பெண் குரல் மெல்லிசாக, உச்சத்தில், ஒரு துளி வருத்தமும் இல்லாமல் ஒலிக்கிறது. ஆண் குரல் கரகரவென்று அதட்டுகிறது. தான் பிளாஸ்டிக்கால் ஆனவள் என்பதைப் பொம்மை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொள்கிறாள். யார் எப்படித் திருப்பினாலும் திரும்பத் தயார் என்கிறாள். அப்படிச் சொல்லும்போது அவள் சந்தோஷமாகவும் இருக்கிறாள். இந்தச் சந்தோஷத்தில்தான் பாட்டின் விஷமம் இருக்கிறது.

நிமிஷத்துக்குச் சுமார் 130 அடி என்று துள்ளும் தாளம். ஆனால் மெட்டு இருப்பதோ, மேல்நாட்டு இசையில் துயரத்துக்கு உரியதாகக் கருதப்படும் மைனர் ஸ்கேலில். கால் ஆடுகிறது, அடியில் எதுவோ இழுக்கிறது. குழந்தைக்கு முதலாவது மட்டும் கேட்கும். வளர்ந்தவர்களுக்கு இரண்டாவதும் கேட்கும். படமாக எடுத்த வடிவத்தில் ஒரு காட்சி உண்டு. கென் ஆசையாகப் பார்பியின் கையைப் பிடித்து இழுக்கிறான். கை கழன்று அவன் கையோடு வந்துவிடுகிறது. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் அது. பெரியவர்கள் சிரித்துவிட்டு ஒரு நிமிஷம் யோசிக்கும் இடமும் அதுவே.

ஒரே பாட்டு, கேட்பவர் வளர வளர வேறு பாட்டாக மாறுகிறது. எட்டு வயதில் அது பொம்மைப் பாட்டு. பதினெட்டில் கேலிப் பாட்டு. வேலைக்குப் போன பிறகு வேறு ஒன்று. நாள் முழுதும் ஜவுளிக்கடை வாசலில் கைகூப்பி நிற்கும் பெண், ஓட்டல் வரவேற்பு மேஜையில் உதட்டில் புன்னகையை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண், "இதோ வந்தேன் சார்" என்று எழுந்து நிற்கும் குமாஸ்தா — இவர்களுக்கெல்லாம் சிரிப்பதும் வேலையின் ஒரு பகுதி. திருப்பிய பக்கம் திரும்ப வேண்டும். திரும்பும்போது முகம் மலர்ந்திருக்க வேண்டும். கடைச் சிப்பந்திகள் வேலை நேரத்தில் உட்கார இடம் தர வேண்டும் என்று கேரளத்தில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் நிலைமை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. டென்மார்க் குழுவினர் இவர்களை நினைத்துப் பாடவில்லைதான். ஆனால் பொம்மையாக இருப்பது எப்படி என்று பொம்மையே சொல்லும் பாட்டு, பொம்மை மாதிரி நிற்க நேர்ந்தவர்களின் காதில் சும்மா விழுந்துவிட்டுப் போகாது.

பெற்றோர்களில் சிலர் வேறு மாதிரி ஆட்சேபம் சொல்கிறார்கள். பாட்டில் விரசமான குறிப்புகள் இருக்கின்றன, அதைச் சின்னப் பெண்கள் பாடலாமா என்கிறார்கள். குறிப்புகள் இருப்பது உண்மை, மறைப்பதில் அர்த்தமில்லை. பெண் என்றால் அலங்காரப் பண்டம் என்ற எண்ணத்தைப் பாட்டே வளர்க்கிறது என்று பெண்ணுரிமை பேசுகிறவர்களிலும் சிலர் சொன்னார்கள். இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. கேலி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, கேலிக்கு உரிய பண்டத்தின் ரோஸ் வர்ணத்தையும் பளபளப்பையும் ஆக்வா குழுவினர் நன்றாக விற்றுக் காசு பார்த்தார்கள். ஒரு கையால் குட்டி, மறு கையால் தடவிக் கொடுத்தார்கள். இருந்தாலும், கேலி செய்ய வந்தவன் கேலிக்கு ஆளாகிறவனின் வேஷத்தையே போட்டுக்கொண்டு வருவது புதிதல்ல. தெருக்கூத்துக் கட்டியங்காரன் ராஜாவைப் பரிகாசம் செய்வதும் ராஜாவின் சபையிலேயே நின்றுகொண்டுதான். சபைக்கு வெளியே நின்று திட்டினால் யார் கேட்பார்கள்?

மட்டேல் கம்பெனி கேட்டது. நன்றாகவே கேட்டது. அதன் காதில் விழுந்தது பரிகாசம் மட்டுமே.

கம்பெனியின் கோபத்தைப் புரிந்துகொள்ள அந்தப் பொம்மையின் பிறப்பையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மட்டேல் கம்பெனியை நடத்திய ரூத் ஹாண்ட்லர் என்ற அம்மாள் 1956-ல் ஸ்விட்சர்லாந்துக்குப் போனபோது அங்கே "லில்லி" என்ற ஜெர்மன் பொம்மையைப் பார்த்தார். ஜெர்மன் பத்திரிகை ஒன்றின் கேலிச் சித்திரத்தில் வந்த துடுக்கான பெண்தான் லில்லி. பெரியவர்கள் வேடிக்கைக்காக வாங்கிய பொம்மை அது. குழந்தைகளுக்கு என்று செய்ததல்ல. அதைப் பார்த்துச் செய்த பொம்மை 1959-ம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் "பார்பி" என்ற பெயரில் அரங்கேறியது. அம்மாளின் மகள் பெயர் பார்பரா. அதன் செல்லச் சுருக்கமே பார்பி. பின்னால் வந்த கென், மகனின் பெயர். ஜெர்மன்காரர்கள் சும்மா இருக்கவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். 1964-ல் லில்லியின் உரிமையை மட்டேல் விலைக்கு வாங்கி விவகாரத்தை முடித்துக்கொண்டது. அதாவது, கேலிச் சித்திரத்திலிருந்து பிறந்த பொம்மைதான் தன்னை ஒரு கேலிப் பாட்டு தொட்டுவிட்டது என்று வழக்காடியது!

1997 செப்டம்பரில் கலிபோர்னியாவில் வழக்குத் தாக்கலாயிற்று. பாட்டை அமெரிக்காவில் வெளியிட்ட எம்.சி.ஏ. இசைத்தட்டுக் கம்பெனியும் மற்றவர்களும் பிரதிவாதிகள். பார்பி என்பது எங்கள் டிரேட் மார்க். அதைப் பாட்டின் தலைப்பில் போட்டதால் ஜனங்கள் இது நாங்கள் வெளியிட்ட பாட்டு என்று மயங்குவார்கள். எங்கள் பெயருக்கு இழுக்கு — இதுதான் வாதம். ஆனால் இசைத்தட்டின் உறையிலேயே ஒரு குறிப்பு அச்சிட்டிருந்தார்கள். இந்தப் பாட்டு சமூகத்தைப் பற்றிய ஒரு விமரிசனம், பொம்மையைச் செய்கிறவர்கள் இதை உருவாக்கவும் இல்லை, அங்கீகரிக்கவும் இல்லை என்பது அதன் சாரம். படிக்கத் தெரிந்த எவருக்கும் அது போதும்.

1998-ல் கீழ்க் கோர்ட் வழக்கைத் தள்ளியது. அப்பீல் 2002 ஜூலை மாதம் தீர்ப்பாயிற்று. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அலெக்ஸ் கோஸின்ஸ்கி. கோர்ட்டுத் தீர்ப்பைப் படித்துச் சிரித்தவர்கள் குறைவு. இதைப் படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் உள்ளே இருந்த நியாயம் சிரிப்புக்குரியதல்ல.

டிரேட் மார்க் எதற்காக? கடைக்குப் போகிறவன் தான் கேட்ட சோப்புக்குப் பதில் வேறு சோப்பை ஏமாந்து வாங்காமல் இருப்பதற்காக. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் சில பெயர்கள் அந்த வேலையோடு நிற்பதில்லை. ஜனங்களின் பேச்சில் புகுந்து ஓர் உவமையாகவே ஆகிவிடுகின்றன. பார்பி என்றால் ஒரு பொம்மை மட்டுமா? அலங்காரமும் ஒடிசலான இடுப்பும் தலைக்குள் ஒன்றுமில்லாத சிரிப்புமாக ஒரு வகைப் பெண்ணைக் குறிக்கும் சொல்லாக அது மாறிவிட்டது. அப்படி மாற்றியது கம்பெனி செய்த விளம்பரமும்தான். கோடிகளைக் கொட்டி ஒரு பெயரை உலகத்தார் நாவில் ஏற்றிவிட்டு, பிறகு, "எங்களைக் கேட்டுத்தான் உச்சரிக்க வேண்டும்" என்றால் நடக்குமா? பெயர் பொதுப் பேச்சில் கலந்துவிட்ட பிறகு, அதில் யார் என்ன பேசலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் டிரேட் மார்க் சொந்தக்காரருக்குக் கிடையாது என்றது கோர்ட்.

தலைப்பைப் பார்த்து ஜனங்கள் மயங்குவார்கள் என்ற வாதத்தையும் கோர்ட் ஏற்கவில்லை. ஒரு சூப் டப்பாவின் பெயரைத் தலைப்பாக வைத்து ஓவியம் வரைந்தால், சூப் கம்பெனி ஓவிய வியாபாரத்தில் இறங்கிவிட்டது என்று யாராவது நினைப்பார்களா? ஜானிஸ் ஜாப்ளின் மெர்சிடிஸ் பென்ஸ் கார் வேண்டுமென்று பாடியதால், அவர் கார் கம்பெனியில் பங்குதாரர் என்று எவராவது எண்ணினார்களா? தலைப்பு என்பது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வது. யார் செய்தது என்று சொல்வதல்ல. இன்னொன்றும் முக்கியம். ஆக்வா குழுவினர் பார்பியின் பெயரைக் கடன் வாங்கி வேறு யாரையோ கேலி செய்யவில்லை. பார்பியையே, அவள் குறிக்கும் வாழ்க்கையையே கேலி செய்தார்கள். ஒருவரைக் கேலி செய்ய வேண்டுமென்றால் அவர் பெயரைச் சொல்லாமல் எப்படிச் செய்வது?

எம்.சி.ஏ. கம்பெனியும் லேசுப்பட்டதல்ல. மட்டேல் சார்பில் பேசியவர் தங்களைத் திருடர்கள், பாங்குக் கொள்ளைக்காரர்கள் என்கிற பாணியில் பேசிவிட்டார் என்று மான நஷ்ட வழக்கைத் திருப்பிப் போட்டது. கோபத்தில் சொல்கிற மிகைப் பேச்செல்லாம் அவதூறாகாது என்று கோர்ட் அதையும் தள்ளியது. கடைசியில், இரண்டு தரப்பாரும் கொஞ்சம் குளிர்ந்து இருக்கும்படி ஒரு வரி புத்திமதி சொல்லித் தீர்ப்பை முடித்தார் நீதிபதி. 2003 ஜனவரியில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அப்பீலை எடுக்க மறுத்தது.

(அந்த நீதிபதியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் குறையாகும். தம்மிடம் வேலை பார்த்த பெண்கள் உள்ளிட்டோர் அவருடைய நடத்தை பற்றிப் புகார் கூறியதைத் தொடர்ந்து 2017 டிசம்பரில் அவர் பதவியை விட்டு விலகினார். பெண்ணைப் பொம்மையாக நடத்துவதைப் பரிகசிக்கும் பாட்டுக்கு நியாயம் எழுதிய கைதான் அது. எழுதிய நியாயம் அதனால் தப்பாகிவிடாது. ஆனால் தீர்ப்பைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.)

இனி 2009-ம் ஆண்டு. பார்பிக்கு ஐம்பது வயது நிறைந்த வருஷம். விளம்பரத்துக்கு ஒரு பாட்டு தேவைப்பட்டது. பார்பி என்றதும் உலகம் எந்தப் பாட்டை நினைக்கிறது என்பது மட்டேல் கம்பெனிக்கும் தெரிந்திருந்தது. வழக்குப் போட்ட பாட்டையே அனுமதி வாங்கி எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வார்த்தைகளை மாற்றிவிட்டார்கள். மெட்டு அதே மெட்டு; துள்ளல் அதே துள்ளல். உள்ளே இருந்த விஷமம் மட்டும் இல்லை. முன்பு பரிகாசம் மட்டும் காதில் விழுந்தது. இப்போது இனிப்பு மட்டும்.

அந்த விளம்பரத்தை இன்று யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? மூலப் பாட்டைத்தான் ஜனங்கள் பாடுகிறார்கள். மெட்டு மட்டுமே காரணம் என்றால், மாற்றிய வார்த்தைகளோடும் அது வாயில் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. ஊறுகாயில் உப்பை எடுத்துவிட்டு எத்தனை எண்ணெய் ஊற்றினாலும் அது நாள்படத் தாங்காது.

பிறகு 2023. அந்த வருஷம் ஜூலை 21-ம் தேதி கிரெட்டா கெர்விக் இயக்கிய "பார்பி" சினிமா வெளியாயிற்று. உலகம் முழுவதும் 140 கோடி டாலருக்கு மேல் வசூல். அதில் நிக்கி மினாஜ், ஐஸ் ஸ்பைஸ் என்ற இரு பெண்கள் பாடிய "பார்பி வேர்ல்ட்" என்ற பாட்டு, ஆக்வாவின் பழைய பாட்டை எடுத்து அதன் மேல் கட்டியது. பாடியவர்கள் பெயரோடு ஆக்வாவின் பெயரும் சேர்ந்தே அச்சாயிற்று. படமும் பொம்மையைக் கேலி செய்தது. மட்டேல் கம்பெனியின் நிர்வாகிகளையும் கேலி செய்தது. கம்பெனியின் சம்மதத்தோடு செய்தது. இதைப் பெருந்தன்மை என்று பாராட்டியவர்கள் உண்டு. தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் முதலாளியை எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் ஆபீஸ் ஆண்டு விழாவில் மானேஜர் தன்னைப் பற்றி ஜோக் அடிப்பதும், கேண்டீனில் சிப்பந்திகள் அவரைப் பற்றி ஜோக் அடிப்பதும் ஒன்றல்ல. முன்னதற்கு எல்லாரும் கை தட்டியாக வேண்டும். பின்னதற்குத்தான் உண்மையில் சிரிப்பு வரும்.

அதே வருஷம் ஜூன் 8-ம் தேதி, படம் வருவதற்குச் சுமார் ஆறு வாரம் முன்பு, அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வேறொரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஜாக் டேனியல்ஸ் என்ற விஸ்கி பாட்டிலைப் போலவே நாய் கடித்து விளையாட ஒரு ரப்பர் பாட்டில் செய்து விற்றது ஒரு கம்பெனி. கேலிதானே என்றது. கோர்ட் அவ்வளவு சுலபமாக விடவில்லை. பிறர் குறியைத் தன் சரக்கின் குறியாகவே போட்டு விற்றால், கேலி என்ற ஒரே காரணத்தால் தனிச் சலுகை கேட்க முடியாது என்றது. கேலியின் எல்லையைக் குறுக்கிய தீர்ப்புதான் இது. ஆனால் அதை எழுதிய நீதிபதி எலீனா கேகன், எந்த மாதிரிக் கேலிக்குத் தனிச் சலுகை உண்டு என்பதற்கு உதாரணமாக எடுத்துக்காட்டிய வழக்குகளில் ஒன்று, 2002-ம் வருஷத்துப் பார்பி பாட்டு வழக்கு. துள்ளாட்டப் பாட்டு ஒன்று சட்டப் புத்தகத்தில் இப்படி இடம்பிடித்துக்கொண்டு உட்காருவது அபூர்வம்.

எங்கோ அமெரிக்காவில் நடந்த விவகாரம் இங்கிருப்பவர்களுக்கு எதற்கு என்று தோன்றலாம். இந்தியாவிலும் இதே கேள்வி கோர்ட் படி ஏறியிருக்கிறது. ஒரிஸாவில் தாம்ரா துறைமுகம் கட்டப்பட்டபோது, கடலாமைகள் முட்டையிடும் இடத்துக்கு ஆபத்து என்று கிரீன்பீஸ் இயக்கத்தார் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2010-ல் ஆமைக்கும் டாட்டாவுக்கும் போட்டி என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை வெளியிட்டார்கள். அதில் டாட்டாவின் குறியும் இடம்பெற்றது. டாட்டா நிறுவனம் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போய்த் தடையும் பத்துக் கோடி ரூபாய் நஷ்ட ஈடும் கேட்டது. 2011 ஜனவரியில் நீதிபதி ரவீந்திர பட் இடைக்காலத் தடை தர மறுத்தார். பொதுக் காரியத்தில் ஒருவரை விமரிசிக்க அவருடைய குறியைப் பரிகாசமாகக் காட்டுவதும் பேச்சுரிமையில் சேர்ந்ததே என்பது அவர் கண்ட நியாயம். பிரம்மாண்டமான கம்பெனிகளின் பெயர்ப் பலகைகளுக்குக் கீழே நடந்து போய் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெயர்களைச் சொல்லிச் சிரிக்கவும் உரிமை உண்டா என்பது சின்ன விஷயமல்ல. தெருவெங்கும் அந்தப் பெயர்கள். பஸ்ஸின் முதுகில் அந்தப் பெயர்கள். சம்பளக் கவரிலும் அதுதான். அவற்றைத் தொடாமல் பேச வேண்டுமென்றால் பாதிப் பேச்சை விழுங்க வேண்டியிருக்கும்.

ஆக்வாவின் பாட்டு இந்த உரிமைக்காகப் போராட வந்த பாட்டல்ல. அப்படிச் சொன்னால் அந்தக் குழுவினரே சிரிப்பார்கள். அது ஆடுவதற்காக வந்தது; காசுக்காக வந்தது. அதற்குள் ஒரு குறும்பு இருந்தது. குறும்பு இருந்ததால்தான் வழக்கு வந்தது. வழக்கு வந்தபோது, "தலைப்பை மாற்றிவிடுகிறோம், விட்டுவிடுங்கள்" என்று சமாதானம் பேசி முடித்துக்கொண்டிருந்தால் அது அன்றைக்கே செத்திருக்கும். வெளியிட்டவர்கள் ஐந்து வருஷத்துக்கு மேல் நின்று வழக்காடினார்கள். இதே காலத்தில் வந்த எத்தனையோ யூரோடான்ஸ் பாட்டுகள் இதைவிடத் தாளக்கட்டு உள்ளவை, இதைவிட நல்ல குரலில் பாடப்பட்டவை. அவற்றின் பெயர்கூட இன்று நினைவில்லை.

1997-ல் வந்த இசைத்தட்டின் உறையில், பொம்மையைச் செய்கிறவர்கள் இதை அங்கீகரிக்கவில்லை என்ற அந்தக் குறிப்பு இருந்தது. 2023-ல் வந்த "பார்பி வேர்ல்ட்" பாட்டுக்கு அந்தக் குறிப்பு தேவைப்படவில்லை.